புற்றுக்கு விட்ட இடம்

நாலு நாளைக்கு முன்னால் இங்கே ஒரு மழை பெய்தது. மறுநாள் காலை புழக்கடைக் கதவைத் திறந்தேன். வடகிழக்கு மூலையில், ஆவாரஞ்செடிக்குப் பின்னால், ஒரு சாண் உயரத்துக்கு ஈரச் செம்மண் எழும்பி நின்றது. பக்கத்தில் போய்க் குனிந்தபோது பச்சை மண் வாடை மூக்கில் ஏறியது. விரலால் தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தோளில் பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தைத் தேடி ஓடுகிறவன் நான் என்பது உமக்குத் தெரியாததா?

உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து நீர் வரைந்து கொடுத்த படத்தை எடுத்து வந்தேன். நீலக் கோடுகள் வெளிறிவிட்டன. மடிப்பெல்லாம் கிழியத் தொடங்கியிருக்கிறது. உம் ஆபீசில் நீல நகல் எடுத்த நாளில் கண்ணைக் கரித்த அந்த அம்மோனியா வாடை போய் எத்தனையோ வருஷமாயிற்று. படத்தைத் தரையில் விரித்து வீட்டின் திசைக்குத் திருப்பி வைத்துப் பார்த்தேன். அதே மூலை. காம்பஸால் நீர் போட்ட சின்ன வட்டம். அதற்குள்ளே உம்முடைய கட்டெழுத்தில் ஒரே ஒரு சொல், "இருக்கட்டும்."

 பத்து வருஷமாக எது வெளியே வந்துவிடக் கூடாது என்று நினைத்தேனோ, அது மண்ணுக்கு வெளியே வந்து நிற்பதைப் போல இருந்தது.

நாளைக்கு உமக்குத் திதி, மூன்றாவது வருஷம். காலை முதல் பஸ்சில் நானும் என் சம்சாரம் கோமதியும் ராயகிரியில் உம் அம்மா வீட்டுக்குப் போகிறோம். அங்கே நான் ஒரு காரியம் செய்தாக வேண்டும்.  உம்மிடம் முதலில் சொல்லிவிட்டால் கொஞ்சம் தைரியம் வரும் என்று இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் இந்த வீட்டைக் கட்டினேன். ஊருக்கு வடக்கே, தறிச் சத்தம் எட்டாத புதுத் தெருவில் இரண்டு அறையும் ஓர் அடுக்களையும். பின்னால் இருபத்து நாலு அடிக்குப் பதினாறு அடி வெற்றிடம், மூன்று பக்கமும் சுவர். கோமதி தலைப்பிரசவத்துக்கு மேலநீலிதநல்லூரில் அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் பிள்ளையோடு திரும்பி வரும்போது பின்பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஏதோ ஒரு அதிகாரியின் குவார்ட்டர்ஸில் புல்தரையும் ரோஜாப் பாத்தியும் பார்த்துவிட்டு வந்து, பன்னிரண்டு ரோஜாக் கன்றுகள் வாங்கி நட்டேன். குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். பங்குனி பிறப்பதற்குள் பன்னிரண்டும் குச்சியாகிவிட்டன.

அந்தக் குச்சிகளைப் பார்த்துத்தான் நீர் சிரித்தீர். நீர் அரசாங்க அலுவலகத்தில் கட்டடப் படம் வரைகிறவர். நான் எதிரே தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிறவன். ஒரே டீக்கடையில் நின்று பழகிய சிநேகம். "நமக்கே குடிக்கத் தண்ணி இல்ல. ரோசாவுக்கு இந்த ஊர்ல என்னவே வேலை? இங்கன ரோட்டோரமா யாரு தண்ணி ஊத்தி ஆவாரை பூக்கு? அதைக் கொண்டாந்து வையும்" என்றீர்.

நான் ரோஜாவுக்காகக் கவலைப்படவில்லை. மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று இருந்தது. மனை வாங்கும்போதே இருந்ததுதான். அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பெண் பிறந்திருக்கிறாள் என்று தந்தி வந்த நாளிலிருந்து வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பிள்ளை தவழும், புற்றுக்குப் பக்கத்தில் போகும், கையை உள்ளே விடும். தபால் பிரிக்கும்போது இதே நினைப்பு. கடையநல்லூர் கடிதத்தைக் கழுகுமலைக் கட்டில் போட்டுவிட்டுத் திட்டு வாங்கினேன். இந்த ஊரிலோ புற்றைத் தொட ஆள் கிடையாது. கோயிலில் புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்கிற ஊர். வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் அடிக்காமல், தகட்டில் ஒரு நாகம் வாங்கி உண்டியலில் போடுகிறேன் என்று வேண்டிக்கொள்கிற ஜனங்கள். மெதுவாகக் கேட்டுப் பார்த்ததற்கே கொத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நீர் என்னைக் கேலி செய்யவில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அடுக்களை வாசலில் போட்டு, "இங்கன இரியும்" என்றீர். சுண்ணாம்புப் பொடியும் ஒரு கம்புமாகப் புழக்கடை முழுவதும் நடந்தீர். ஓரோர் இடத்திலும் கம்பை ஊன்றி, "இங்கன தெரியுதா? அடித்தரை தெரியுதா?" என்று கேட்டீர். தெரியவில்லை என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டீர். அங்கே செடி கிடையாது.

"பயப்படுதவனுக்குத் தோட்டம் போடணும்னா செடியில இருந்து ஆரம்பிக்கக் கூடாது வே. நாற்காலியில இருந்து ஆரம்பிக்கணும்" என்றீர்.

ஒரு வாரத்தில் படம் வந்தது. வீட்டுச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு வெறும் ஆற்று மணல். எது ஊர்ந்து போனாலும் தடம் தெரியும். அதைத் தாண்டித் தும்பையும் கற்றாழையும் முழங்காலுக்குக் கீழே, ஒவ்வொன்றுக்கும் நடுவே விளக்குமாறு போய் வரும் அளவுக்கு இடைவெளி. வெயில் அறைகிற மேற்குச் சுவரோரம் நொச்சியும் விராலியும். துவைகல் தண்ணீர் ஓடுகிற வழியில் கறிவேப்பிலை, பிள்ளைக்கு இருமல் வந்தால் ஆடாதொடை, ஈரத்தில் தானாக முளைக்கிற கீழாநெல்லி. தென்மேற்கில் நிழலுக்கு ஒரே ஒரு புங்கை. பூந்தொட்டி கிடையாது, கல் குவியல் கிடையாது, தரையில் படர்கிற கொடி கிடையாது. முதல் வருஷம் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும், அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றீர். நாற்காலிக்குக்கூட படத்தில் ஒரு சதுரம் போட்டிருந்தீர். அதன் பக்கத்தில், "பயப்படுகிறவருக்கு" என்று எழுதியிருந்தது.

வடகிழக்கு மூலையில் அந்த வட்டம். புற்றைச் சுற்றி மூன்றடி விட்டுக் கல் நட்டு, கல்லுக்கு வெளியே ஆவாரை. "கல்லுக்கு உள்ள இருக்கிறது அதுக்கு. வெளிய இருக்கிறது உமக்கு. ரெண்டு பேரும் அவங்கவங்க எல்லைக்குள்ள இருந்தா ஒரு தொந்தரவும் இல்ல" என்றீர். நான் தலையை ஆட்டினேன். உம்மோடு சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு இளையரசனேந்தல் ரோட்டில் ஆவாரைக் கன்று தேடியபோதும் ஆட்டிக்கொண்டேதான் வந்தேன். அந்த ஆட்டலில் உண்மை இல்லை.

புதன்கிழமை பிள்ளையோடு வருகிறோம் என்று மாமனார் கார்டு போட்டிருந்தார். அது கைக்கு வந்த அன்றே பக்கத்து வீட்டுக்காரர், "ஒங்க சுவர் மேல நீளமா ஒண்ணு போச்சு சார்" என்றார். ஓணானாக இருக்கலாம், கயிறாகக்கூட இருக்கலாம். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், தெருவில் குஞ்சு குளுவான் இல்லாத நேரத்தில், கடப்பாரையை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டுதான் முதல் இடி இடித்தேன். அது மண் இல்லை, சிமெண்ட். இடிக்க இடிக்கக் கை அதிர்ந்தது. ஒவ்வோர் இடிக்கும் இரண்டடி பின்னால் குதித்து நின்று பார்ப்பேன். உள்ளே தேன்கூட்டைப் போல அறை அறையாக, வெள்ளை வெள்ளையாகக் கறையான் திகைத்து ஓடியது. பாம்பு இல்லை. பாம்புச் சட்டைகூட இல்லை. அடிவரை தோண்டிப் பார்த்துவிட்டேன். மண்ணை அள்ளிச் சுவருக்கு அப்பால் கொட்டி, இடத்தை மட்டமாக்கி, மேலே மணலைப் பரப்பினேன். அப்புறம்தான் உள்ளங்கையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் கொப்புளம்.

சாயங்காலம் நீரும் உம் வீட்டம்மாவும் வந்தீர்கள். நீர் புழக்கடை வாசலில் நின்று அந்த மூலையைப் பார்த்தீர். படத்தில் நாம் மணல் போடாத இடத்தில் மணல்.  பிறகு, "கடப்பாரை யாருதுவே?" என்று மட்டும் கேட்டீர்.

"யார்கிட்டயும் சொல்லிராதேயும்" என்றேன். உம் வீட்டம்மா அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நீட்டிய டம்ளரை நுனி விரலால் வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். கோமதி, அவள் தோளில் பிள்ளை, மாமனார், மாமியார். மாமியார் கையில் மூடிய செம்பு. பிள்ளைக்கு நடுவில் காய்ச்சல் கண்டதாம். குணமானால் மருமகன் வீட்டுப் புற்றுக்கு முதல் பால் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். எனக்கு எழுதவே இல்லை. நேரே புழக்கடைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். செம்பு தளும்பிப் பால் மணலில் சிந்தியது.

"யாரு செஞ்ச வேலை இது?" என்று மாமனார் கேட்டார். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நான் கொப்புளக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்தப் பக்கம் கன்று நட்டுக்கொண்டிருந்த நீர், கையைத் தட்டிக்கொண்டு எழுந்தீர்.

"நான்தான் மாமா. அளவெடுக்க இடைஞ்சலா இருந்துச்சு. தட்டிட்டேன்."

மாமனார் உம்மை அடிக்காதது ஒன்றுதான் குறை. "சங்கரங்கோயில்ல தண்ணி குடிச்சுக்கிட்டுப் புத்தை இடிச்சிருக்கேரே, உமக்குப் பிள்ளகுட்டி வேண்டாமா?" என்று கேட்டார். உமக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை நாகத் தகடு வாங்கி உண்டியலில் போட நீர் போனபோது கூடவே வந்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தீர். "மாமனார் கோவம் ஆறட்டும். ஒரு வாரம் கழிச்சு நீரே சொல்லிரும்" என்றீர். சரி என்றேன். ஒரு வாரம் போயிற்று. ஒரு மாசம் போயிற்று. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அடுத்த நாளை இன்னும் கஷ்டமாக்கியது. ஆடியில் எங்கள் அடுக்களை நிலைக்கட்டையில் கறையான் ஏறியது. நீர் வந்து அரித்த பாகத்தைச் செதுக்கி எடுத்து வேப்பெண்ணெய் தடவினீர். "இருந்த வீட்டை இடிச்சா அதுவும் வேற வீடு பாக்கத்தானவே செய்யும்" என்று காதோடு சொன்னீர். அதோடு விட்டுவிட்டீர். நீர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வாய் திறந்திருக்குமோ என்னவோ.

தோட்டம் நீர் சொன்னபடியே வந்தது. இரண்டாம் வருஷக் கோடையில் தெருவே காய்ந்து கிடக்க, எங்கள் புழக்கடையில் ஆவாரை மஞ்சளாகப் பூத்து நின்றது. நொச்சி இலைக்கும் கற்றாழைக்கும் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்பார்கள். உம் பேரைச் சொல்வேன். "ஆமா, புத்தை இடிச்சாரே, அவருதான?" என்பார்கள். நான் கறிவேப்பிலை ஒடிக்கப் போய்விடுவேன்.

கோமதி உம் கையில் பிள்ளையைக் கொடுக்கவில்லை. வாங்க என்பாள், காப்பி தருவாள், பிள்ளையை மட்டும் உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஒரு தடவை பாப்பா அந்த மணலில் தத்தித் தத்தி உம்மிடம் நடந்து வந்தாள். நீர் குந்தியிருந்து இரண்டு கையையும் நீட்டினீர். கோமதி விறுவிறுவென்று வந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நீர் ஒரு தும்பைப் பூவைக் கிள்ளினீர். நான் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

உமக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று எண்ணிக்கொண்டிருந்த உம் அம்மா பிறகு எண்ணுவதை விட்டுவிட்டுக் குத்திப் பேச ஆரம்பித்தாள். உம் வீட்டம்மா நாற்பத்தெட்டு நாள் ஈரத் தலையோடு அரசமரத்தடி நாகர் சிலையைச் சுற்றினாள். தபால் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த மரம் தெரியும். காலைத் தபால் கட்டைப் பிரிக்கும் நேரமும் அவள் சுற்றும் நேரமும் ஒன்று. என் முகத்தைக் கடிதங்களுக்குள் புதைத்துக்கொள்வேன். புற்றுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ எனக்குத் தெரியாது. சம்பந்தம் உண்டென்றால் அது என்னையல்லவா பிடித்திருக்க வேண்டும்? அதற்கும் பயந்தேன். பாப்பாவுக்குச் சளி பிடித்தால்கூட என் முறை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு விழித்துக் கிடந்திருக்கிறேன்.

பிறகு உமக்குக் காமாலை கண்டது. கண் மஞ்சளாகி, ராயகிரியில் உம் அம்மா வீட்டுக் கட்டிலில் கிடந்தீர். எங்கள் துவைகல் ஓரத்துக் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வந்தேன். உம் அம்மா வாங்கினாள். எங்கே பறித்தது என்று கேட்டாள். சொன்னேன். "அந்த மண்ணுல முளைச்சது என் பிள்ளைக்கு வேண்டாம்" என்று திண்ணமாகச் சொல்லி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாள். அதைக் குடித்திருந்தால் நீர் பிழைத்திருப்பீர் என்று நான் சொல்லவில்லை. அப்போதே காலம் கடந்திருந்தது. ஆனால் அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். துணியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்றாம் நாள் நீர் போய்விட்டீர். "புத்தை இடிச்ச கையே, புத்தை இடிச்ச கையே" என்று உம் கையைப் பிடித்துக்கொண்டு உம் அம்மா அழுதாள். என் கை இரண்டையும் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நான் பந்தல் காலோரம் நின்றேன்.

இத்தனைக்கும் பிறகு, மூன்று நாளைக்கு முன்னால், அந்த மூலையில் மறுபடியும் மண். படத்தை விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த என்னிடம், "என்ன, முகமெல்லாம் வேர்த்திருக்கு?" என்று கோமதி கேட்டாள். சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பிள்ளைய ஒரு தடவ தூக்கணும்னு அந்த மனுசன் கையை நீட்டினாரே. நான் பறிச்சுக்கிட்டுப் போனேனே" என்றாள்.  மறுநாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "கிளம்புங்க, ராயகிரிக்குப் போவோம்" என்றாள்.

உம் வீட்டம்மா உரலடியில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். உம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். நின்றபடியே சொன்னேன். சுளகு நிற்கவில்லை. நான் முடித்த பிறகு அதைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி" என்றாள். "காப்பி டம்ளரை நுனி விரலால பிடிச்சீங்கல்லா. உள்ளங்கை பூராவும் கொப்புளம். அவுககிட்ட கேட்டேன். 'அவரு பயந்த மனுசன், அவரு வாயாலயே சொல்லுவாரு, கொஞ்சம் பொறு'ன்னாக. பொறுத்தேன். நாப்பத்தெட்டு நாளும் அந்த மரத்தைச் சுத்தும்போது பொறுத்தேன். அவுகளத் தூக்கிட்டுப் போகும்போதும் ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கோமதி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் என்னை உட்காரவும் சொல்லவில்லை.

"தெரிஞ்ச எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? தெரியாதவுககிட்ட சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை திதி. அத்தைக்கு, சொந்தக்காரங்களுக்கு, அத்தன பேருக்கும் முன்னால சொல்லுங்க. இலை போடுததுக்கு முன்னாடி சொல்லணும். சாப்பிட்டுட்டுச் சொல்லக் கூடாது."

நாளைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை. உம் அம்மா என்னை என்ன செய்வாள் என்று தெரியவில்லை. உம் சித்தப்பாமார் நாலு பேரும் வருவார்கள். பஸ் தாமதமாகிவிட்டால் என்ன செய்வது, அதற்குள் இலை போட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். பஸ் தாமதமானால் நல்லது என்று அடிமனசில் ஒரு நினைப்பு. அதை நினைத்து இன்னொரு பயம்.

மத்தியானம் மூலைக்குப் போய் மண்ணைச் சுற்றி மூன்றடி அளந்து கல் நட்டேன், உம் படத்தில் உள்ள அளவுக்கு. கோமதி கல்லை எடுத்துக் கொடுத்தாள். பாப்பா வந்து, "இது என்னப்பா?" என்று கேட்டாள். "ஒரு மாமா விட்டுட்டுப் போன இடம்" என்றேன். இப்போது அடுக்களை வாசலில், நீர் எனக்கென்று குறித்த சதுரத்தில், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெயில் இறங்கிவிட்டது. மணலில் எந்தத் தடமும் இல்லை.

நாளைக்குச் சொல்ல வேண்டியதை மெல்லிய குரலில் ஆறேழு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பாதியில் குரல் உள்ளே போய்விடுகிறது. உமக்குக் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே சொல்லுகிறேன்.

"புத்தை இடிச்சது அவரு இல்ல. நாந்தான்."